ஒரு படம், ஒரு வரி: கார்ட்டூன் எப்போது எடுபடுகிறது, எப்போது சறுக்குகிறது?

பத்திரிகைகளில் வரும் ஒற்றைக் கட்டக் கார்ட்டூனில் இருப்பது ஒரு படம், அதன் கீழே பெரும்பாலும் ஒரே ஒரு வரி. முன்கதை சொல்ல முந்தைய கட்டம் கிடையாது. விட்டுப்போனதைச் சொல்லி முடிக்க அடுத்த கட்டமும் கிடையாது. பக்கத்தைப் புரட்டுகிற வாசகர் அதற்கு ஒதுக்குவது சில நொடிகள்தான். எந்த இடம், யார் யார், அவர்களுக்குள் என்ன நடக்கிறது, அதில் எங்கே கோணல் என்பதெல்லாம் அதற்குள் பிடிபட்டாக வேண்டும்.

சிரிப்பு அவரவர் ரசனை என்று சொல்லி இந்தப் பேச்சை முடித்துவிடுவது வழக்கம். ரசனைக்குப் பங்கு உண்டு என்பது உண்மையே. ஆனாலும் இந்தக் கலையை ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக வளர்த்த பத்திரிகைகளின் அனுபவத்தைப் பார்த்தால், எடுபட்டதற்கும் எடுபடாததற்கும் தெளிவான காரணங்கள் தெரிகின்றன. எல்லாவற்றுக்கும் அடிப்படையானது ஒன்று: படம் பாதியைச் சொல்ல வேண்டும், வரி மீதியைச் சொல்ல வேண்டும், இரண்டையும் இணைக்கும் வேலையை வாசகரிடம் விட வேண்டும். அப்படி இணைத்துப் பார்க்கும் கணத்தில்தான் சிரிப்பு வருகிறது.

நாடக வசனத்திலிருந்து ஒற்றை வரிக்கு

லண்டனில் 1841இல் 'பன்ச்' வார இதழ் தொடங்கியது. 1843இல் அதில் ஜான் லீச் வரைந்த படத்தோடு, கேலிச்சித்திரத்துக்குக் 'கார்ட்டூன்' என்ற பெயர் நிலைபெறத் தொடங்கியது. அந்தக் காலத்துப் 'பன்ச்' படங்கள் மிகுந்த உழைப்போடு, அறையின் திரைச்சீலை மடிப்பு வரை நுணுக்கமாக வரையப்பட்டவை. ஆனால் நகைச்சுவை இருந்தது படத்துக்குக் கீழேதான். ஒரு தலைப்பு, பேசுபவர்களின் பெயர்கள், நாடகப் பிரதி போல நான்கைந்து வரி வசனம் என்று அது நீளும். படத்தை எடுத்துவிட்டாலும் பல சமயம் ஜோக்குக்குச் சேதமில்லை.

அந்த முறையின் உச்சம், ஜார்ஜ் டு மாரியர் 1895இல் 'பன்ச்'சில் வரைந்த படம். ஒரு பிஷப் வீட்டுக் காலை விருந்தில் இளம் பாதிரியார் ஒருவருக்கு அழுகிய முட்டை வந்துவிடுகிறது. பிஷப் அதைக் கவனித்துச் சொன்னதும், பாதிரியார் பதறிப்போய், அப்படியெல்லாம் இல்லை, முட்டையின் சில பகுதிகள் பிரமாதமாக இருக்கின்றன என்கிறார். அழுகிய முட்டையில் நல்ல பகுதி என்று ஒன்று கிடையாது. அது பாதிரியாருக்கும் தெரியும், பிஷப்புக்கும் தெரியும். அதிகாரத்தின் முன் வாய் தானாகப் பொய் சொல்வதுதான் அங்கே கேலிக்கு ஆளாகிறது. 'பாதிரியாரின் முட்டை' என்ற தொடர் ஆங்கிலத்தில் இன்றும் புழங்குகிறது.

நியூ யார்க்கில் 1925இல் ஹெரால்டு ராஸ் 'தி நியூ யார்க்கர்' வார இதழைத் தொடங்கியபின் வடிவம் மாறியது. அங்கே இருவர் வசனம் ஒருவர் வசனமானது. அதுவும் ஒரே வரியாகச் சுருங்கியது. வசனம் சுருங்கியதால், முன்பு சொற்கள் செய்த வேலையைப் படம் செய்ய வேண்டி வந்தது. ராஸ் ஒவ்வொரு படத்தையும் பார்த்து 'இதில் பேசுவது யார்?' என்று கேட்பாராம். சாதாரணக் கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் தெரியாத கார்ட்டூன் அந்த இடத்திலேயே தோற்றுவிடுகிறது.

வரியை மறைத்துப் பார்க்கும் சோதனை

ஒரு கார்ட்டூனை எடைபோட எளிய வழி உண்டு. வரியைக் கையால் மறைத்துவிட்டுப் படத்தை மட்டும் பார்க்க வேண்டும். பிறகு படத்தை மறைத்துவிட்டு வரியை மட்டும் படிக்க வேண்டும். இரண்டில் எது தனியாக நின்றாலும் ஜோக் முழுமையாக இருந்தால், மற்றது அங்கே சும்மா இருக்கிறது என்று பொருள்.

'நியூ யார்க்க'ரில் பீட்டர் ஆர்னோ 1941இல் வரைந்த படம் இந்தச் சோதனையில் முழு மதிப்பெண் வாங்குகிறது. புதிய விமானம் ஒன்று தரையில் குத்தி நொறுங்கிக் கிடக்கிறது. விமானி பாராசூட்டில் இறங்குகிறார். ராணுவ அதிகாரிகளும் மீட்புப் படையினரும் விமானத்தை நோக்கி ஓடுகிறார்கள். கோட்டு அணிந்த ஒரே ஒருவர் மட்டும், சுருட்டிய வரைபடத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எதிர்த்திசையில் நடந்து வருகிறார். சரி, மறுபடி வரைபலகைக்கே போக வேண்டியதுதான் என்பது அவர் சொல்லும் வரி. வரியை மறைத்தால் எஞ்சுவது ஒரு விபத்துக் காட்சி. படத்தை மறைத்தால் எஞ்சுவது அலுவலகத்தில் யாரும் சொல்லக்கூடிய சாதாரண வாக்கியம். இரண்டும் சேரும்போதுதான், இவ்வளவு பெரிய நாசத்தை ஒரு சின்னத் திருத்தமாக எடுத்துக்கொள்ளும் வடிவமைப்பாளரின் மனம் வெளியே வருகிறது. ஆங்கிலத்தில் அந்த வரி இன்று பழமொழி போலவே ஆகிவிட்டது.

பீட்டர் ஸ்டைனர் 1993இல் வரைந்ததும் அப்படித்தான். கணினி முன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒரு நாய், தரையில் இருக்கும் இன்னொரு நாயிடம், இணையத்தில் நீ நாய் என்று யாருக்கும் தெரியாது என்கிறது. முகம் தெரியாத உரையாடலைப் பற்றிய கட்டுரைகள் பல செய்த வேலையை இந்த ஒரு கட்டம் செய்தது.

தமிழ் வார இதழ்களின் ஜோக்குகளை இந்தச் சோதனைக்கு உட்படுத்தினால் வேறொரு மரபு தெரிகிறது. எஸ்.எஸ்.வாசன் நடத்திய 'ஆனந்த விகட'னில் மாலியும், அவருக்குப் பின் கோபுலுவும் படத்தாலேயே சிரிக்க வைத்தவர்கள். ஆனால் வார இதழ்களில் பெருவாரியாக வந்தது, வாசகர் எழுதி அனுப்பும் இரண்டு வரி வசனத்துக்கு ஓவியர் படம் போட்டுக் கொடுக்கும் ஜோக். நோயாளி ஒன்று கேட்பார், டாக்டர் ஒன்று சொல்வார். மன்னர் கேட்பார், மந்திரி பதில் சொல்வார். வசனம் வானொலியில் வாசித்தாலும் சிரிப்பு வரும் அளவுக்கு முழுமையானது. அதைக் குறை என்று சொல்ல முடியாது. அது வசன நகைச்சுவை, படம் அதற்கு அழகு சேர்க்கிறது. கார்ட்டூன் என்ற கணக்கில் வைத்துப் பார்த்தால்தான் படத்தின் பங்கு குறைவாகத் தெரியும்.

படமும் வரியும் எவ்வளவு நெருக்கமாக ஒன்றையொன்று மாற்றுகின்றன என்பதைத் தற்செயலான ஓர் அச்சுப் பிழையே காட்டியிருக்கிறது. 1981இல் ஓர் அமெரிக்க நாளிதழ், அருகருகே வரும் இரண்டு ஒற்றைக் கட்டக் கார்ட்டூன்களின் வரிகளை இடம் மாற்றி அச்சிட்டுவிட்டது. ஒன்று கேரி லார்சனின் 'தி ஃபார் சைட்', மற்றது குறும்புச் சிறுவன் டென்னிஸின் படம். மாறிப்போனதில் இரண்டுமே இன்னும் நன்றாக அமைந்துவிட்டன என்று பின்னாளில் லார்சனே எழுதினார்.

இடைவெளியின் அளவு

வாசகர் இட்டு நிரப்பும் இடைவெளி மிகச் சிறிதாக இருந்தால் கார்ட்டூன் சப்பென்று ஆகிவிடும். மிகப் பெரிதாக இருந்தால் புரியாமல் போகும். சரியான அளவைக் கண்டுபிடிப்பதில்தான் கலைஞரின் திறமை இருக்கிறது.

சார்லஸ் ஆடம்ஸ் 1940இல் வரைந்த பனிச்சறுக்குப் படத்தில் வரியே கிடையாது. ஒருவர் பனிச்சரிவில் வழுக்கிக்கொண்டு போகிறார். அவர் கடந்துவந்த தடம் ஒரு மரத்தின் இரு பக்கமும் பிரிந்து, மரத்தைத் தாண்டியதும் மறுபடி ஒன்றுசேர்கிறது. மேலே நிற்கும் இன்னொருவர் அதை வெறித்துப் பார்க்கிறார். மரத்துக்குள் புகுந்து வந்தாரா, கால்கள் எப்படிப் பிரிந்தன என்று கண் அந்தத் தடத்தில் போய்ப் போய் வருகிறது. விடை கிடையாது. ஆனால் விடை கிடையாது என்பது மட்டும் ஐயத்துக்கு இடமின்றித் தெரிகிறது. அந்தத் தெளிவு இருப்பதால்தான் படம் எடுபடுகிறது.

நேர்மாறான உதாரணம், லார்சன் 1982இல் வரைந்த 'பசுவின் கருவிகள்'. ஒரு பசு மேசைக்குப் பின்னால் நிற்கிறது. மேசையில் விநோதமான சில பொருட்கள். கீழே இருப்பது தலைப்பு மட்டும். பசுக்கள் கருவி செய்தால் அவை எதற்கும் உதவாதவையாகத்தான் இருக்கும் என்பது லார்சன் நினைத்தது. ஆனால் அந்தப் பொருட்களில் ஒன்று ஏறக்குறைய ரம்பம் போல அமைந்துவிட்டது. ஒன்று ரம்பம் என்றால் மற்றவையும் ஏதோ ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? வாசகர்கள் அதைக் கண்டுபிடிக்கக் கிளம்பினார்கள். புரியவில்லை என்று கடிதங்கள் குவிந்தன. கடைசியில் லார்சன் விளக்க அறிக்கையே வெளியிட வேண்டியதாயிற்று. படத்தின் ஒரு மூலையில் இருந்த ஒரு வடிவம் வாசகரைத் தவறான வழியில் அனுப்பிவிட்டது. கோட்டோவியத்தில் இருக்கும் ஒவ்வொரு பொருளையும் வாசகர் துப்பாகவே எடுத்துக்கொள்வார் என்பதற்கு இது நல்ல சான்று.

கோடும் ஒரு தொனிதான்

கார்ட்டூனுக்கு அழகாக வரையத் தெரிந்தால் போதும் என்பது தவறான எண்ணம். எந்தக் கோடு எந்த ஜோக்குக்குப் பொருந்தும் என்பதே முக்கியம். 'நியூ யார்க்கர்' வரலாற்றில் இதற்குத் தெளிவான ஒரு நிகழ்ச்சி உண்டு. வாள் சண்டைப் போட்டியில் ஒருவர் எதிராளியின் தலையையே சீவிவிட்டு, புள்ளி எடுத்ததைப் போல விளையாட்டு முறைப்படி ஒரே ஒரு சொல்லை மட்டும் சொல்வது போன்ற யோசனையைக் கார்ல் ரோஸ் என்ற ஓவியர் கொண்டுவந்தார். ரோஸின் கோடு உண்மைக்கு நெருக்கமானது. அவர் வரைந்தால் தலை துண்டாவது கொடூரமாகத் தெரியும் என்று ஆசிரியர் குழு கருதியது. அந்த யோசனை ஜேம்ஸ் தர்பரிடம் போனது. தர்பர் வரையும் ஆட்கள் எலும்பும் ரத்தமும் இல்லாத, மாவுப் பொம்மை போன்ற உருவங்கள். வெட்டுப்பட்ட தலையைத் திரும்ப எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். 1932இல் வெளியான அந்தப் படம் இன்றும் சிரிக்க வைக்கிறது. யோசனை அதே, சொல் அதே. கோட்டின் தன்மைதான் அதைக் கொலைக் காட்சியாக விடாமல் வேடிக்கையாக்கியது.

அதே ஆண்டில் வந்த தர்பரின் இன்னொரு படம் புகழ்பெற்றது. கட்டிலில் கணவனும் மனைவியும் படுத்திருக்கிறார்கள். கட்டிலின் தலைப்பலகைக்கு மேலே ஒரு கடல்நாய் எட்டிப் பார்க்கிறது. மனைவிக்கு அது தெரியவில்லை. சரி, உங்கள் இஷ்டப்படியே கடல்நாய் குரைத்ததைக் கேட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள் என்று எரிச்சலோடு சொல்கிறாள். தர்பர் முதலில் பாறை மேல் இருக்கும் கடல்நாயைத்தான் வரையத் தொடங்கினாராம். பாறை கட்டிலின் தலைப்பலகை போல அமைந்துவிடவே, கட்டிலையும் தம்பதியையும் சேர்த்தார். படத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாத ஒன்று வாசகருக்குத் தெரிவதுதான் இங்கே சிரிப்பின் ஊற்று. ஒற்றைக் கட்டத்தில் மிகுந்த பயன் தரும் உத்திகளில் இதுவும் ஒன்று.

ஆர்.கே.லக்ஷ்மண் 1951 முதல் 'டைம்ஸ் ஆஃப் இந்தியா'வில் வரைந்த சாமானிய மனிதர் இன்னொரு வழியைக் காட்டுகிறார். கட்டம் போட்ட கோட்டும் வேட்டியுமாக எல்லாப் படத்திலும் நிற்கும் அவர் வாயே திறப்பதில்லை. மற்றவர்கள் பேசப் பேச அவர் பார்த்துக்கொண்டே இருப்பார். வாசகர் தம் கருத்தை வைத்துக்கொள்ள ஓர் இடம் அந்த மௌனத்தில் கிடைக்கிறது.

வரியைச் செதுக்குவது

வரி எப்படி எடுபடுகிறது என்பதை ஒரு கற்பனைக் கார்ட்டூனை வைத்துப் பார்க்கலாம். வீட்டு வாசலில் கையில் ஒரு தாளோடு எமதர்மன் நிற்கிறார், பின்னால் எருமை. மூக்குக் கண்ணாடி போட்ட நடுத்தர வயதுக்காரர் கதவைத் திறந்து அந்தத் தாளைப் படித்துக்கொண்டிருக்கிறார்.

'ஐயோ, எமனே வந்துட்டாரே!' என்று வரி போட்டால் கார்ட்டூன் செத்துவிடும். படம் ஏற்கெனவே சொன்னதை வரி திருப்பிச் சொல்கிறது. 'இனிஷியல் தப்பா இருக்கு சார், திருத்திட்டு வாங்க' என்று போட்டால் உயிர் வந்துவிடும். அரசு அலுவலக ஜன்னலில் எல்லோரும் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன வாக்கியம் அது. அதையே இவர் மரணத்தை நோக்கித் திருப்பிவிடுகிறார். அலுவலகம், குமாஸ்தா, அலைச்சல் என்று எதுவுமே படத்தில் இல்லை. அத்தனையும் வாசகரின் அனுபவத்திலிருந்து வந்து சேர்கின்றன. இதோடு 'அதுவரைக்கும் என் உயிரை எடுக்க முடியாது' என்று ஒரு வால் சேர்த்தால் மறுபடி கெட்டுவிடும். வாசகர் கண்டுபிடித்து மகிழ வேண்டியதை அந்த வால் பறித்துக்கொள்கிறது.

படத்திலும் இதற்கு ஏற்ற தேர்வுகள் தேவை. தாள் தெரியாவிட்டால் வரி அந்தரத்தில் நிற்கும். வீட்டுக்காரர் நடுங்கினால் வரி பொய்யாகிவிடும். அவர் முகத்தில் சலிப்பு கலந்த நிதானம் இருக்க வேண்டும். எமன் கோபப்படக் கூடாது, குழம்ப வேண்டும். பேசுபவர் வாய் திறந்திருக்க, கேட்பவர் வாய் மூடியிருக்க வேண்டும். வாசலில் கோலம், தென்னை மரம், பக்கத்து வீட்டுக்காரர் என்று சேர்த்துக்கொண்டே போனால் கண் தாளுக்கு வந்து சேர நேரமாகும்.

நல்ல வரிக்குப் பொதுவான குணங்கள் சில உண்டு. அது பேச்சு வழக்கில், அந்த ஆள் உண்மையிலேயே சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். திருப்பம் வரியின் கடைசியில் வர வேண்டும். அதற்குப் பிறகு சொல் எதுவும் வரக் கூடாது. சொல்பவருக்குத் தாம் வேடிக்கையாகப் பேசுகிறோம் என்று தெரியக் கூடாது. ராபர்ட் மேன்காஃப் 1993இல் வரைந்த படத்தில் ஓர் அதிகாரி நாட்குறிப்பைப் பார்த்தபடி தொலைபேசியில் பேசுகிறார். வியாழக்கிழமை முடியாது என்று சொல்லிவிட்டு, ஒருபோதும் சந்திக்காமலே இருப்பது உங்களுக்குச் சௌகரியப்படுமா என்று மிகுந்த மரியாதையோடு கேட்கிறார். தொனி முழுக்கப் பணிவு, பொருள் முழுக்க நிராகரிப்பு. அவர் கத்தியிருந்தால் அதில் ஜோக் இல்லை.

பழகிய களங்கள்

ஒரே ஒரு தென்னை நிற்கும் குட்டித் தீவு, மனநல மருத்துவரின் சாய்வு மஞ்சம், அரிவாள் ஏந்திய மரண தேவன் ஆகியவை மேற்கத்திய கார்ட்டூன்களில் திரும்பத் திரும்ப வருபவை. தமிழ் இதழ்களில் அந்த இடத்தில் இருப்பவர்கள் மன்னர், டாக்டர், திருடன், மாமியார், அரசியல் தலைவர். இவை தேய்ந்துபோனவை என்று ஒதுக்கிவிட முடியாது. ஒற்றைக் கட்டத்தில் அறிமுகத்துக்கு இடம் இல்லாததால், பார்த்தவுடன் தெரியும் களம் பெரிய உதவி. ஆனால் களம் பழையதாக இருக்கும்போது பார்வை புதிதாக இருக்க வேண்டும். போரைக் கண்டு ஓடும் மன்னர் வாசகருக்குத் தெரிந்தவர். அவர் ஏன் ஓடுகிறார் என்பதில் இன்றைய வாழ்க்கை ஒன்று நுழைந்தால்தான் அந்த ஜோக்குக்கு அச்சேறும் தகுதி உண்டு.

யாரைப் பார்த்துச் சிரிப்பது?

குறி யார் என்பதும் வெற்றியைத் தீர்மானிக்கிறது. வலியவரின் பாசாங்கு உடையும்போது வரும் சிரிப்பு நிற்கும். எளியவரின் உடலையோ ஊனத்தையோ காட்டி வரும் சிரிப்பு சீக்கிரம் கசக்கும். 1987இல் 'ஆனந்த விகடன்' அட்டையில் ஒரு ஜோக் வந்தது. மேடையில் இருப்பவர்களில் எம்.எல்.ஏ. யார், மந்திரி யார் என்று ஒருவர் கேட்க, ஜேப்படித் திருடரைப் போல இருப்பவர் எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரரைப் போல இருப்பவர் மந்திரி என்று பதில் வருகிறது. யாருடைய பெயரும் அதில் இல்லை. ஆயினும் தமிழகச் சட்டமன்றம் அதை உரிமை மீறலாகக் கருதி, ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதச் சிறைத் தண்டனை விதித்தது. நாடு முழுவதும் எதிர்ப்பு கிளம்பியதால் சில நாட்களிலேயே அவர் விடுதலையானார். பெயர் சொல்லாத ஒரு ஜோக், ஆட்சியில் இருந்தவர்களுக்கு அவ்வளவு சரியாகப் போய்ச் சேர்ந்தது.

வேறு விதமான கவனமும் தேவை. வசதியான வீட்டு நடுவயதுப் பெண்களை 'நியூ யார்க்க'ரில் வரைந்துவந்த ஹெலன் ஹோக்கின்சன், அவர்களைப் பரிவோடுதான் வரைந்தார். வாசகர்கள் அந்தப் பெண்களை ஏளனம் செய்யத் தொடங்கியது அவருக்கு வருத்தம் தந்தது. மேடையேறி அவர்களுக்காகப் பேசவும் செய்தார். வரைபவர் நினைத்த தொனி ஒன்று, வாசகர் எடுத்துக்கொண்ட தொனி வேறொன்று என்று ஆவதும் கார்ட்டூனுக்கு நேரும் சறுக்கல்களில் ஒன்று.

தேர்வு என்னும் சல்லடை

மேன்காஃப் 1997 முதல் 2017 வரை 'நியூ யார்க்க'ரின் கார்ட்டூன் ஆசிரியராக இருந்தார். அவர் காலத்தில் வாரத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் கார்ட்டூன்கள் வந்தன. அச்சேறியவை சுமார் 17. தேர்ந்த கலைஞர்களின் படைப்புகளிலேயே பெரும்பாலானவை திரும்பிப் போகும் கலை இது.

2005 முதல் அந்த இதழ் வாரந்தோறும் வரியில்லாத படம் ஒன்றை வெளியிட்டு, வரி எழுதும் போட்டியை வாசகர்களுக்கு வைக்கிறது. ஒரே படத்துக்கு ஆயிரக்கணக்கான வரிகள் வருவதால், எது நிற்கும், எது விழும் என்று ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு இல்லை. படத்தில் தெரிவதையே சொல்லும் வரிகள் முதலில் விழுகின்றன. படத்தைப் பார்த்தவுடன் யாருக்கும் தோன்றும் சிலேடைகள் பலரிடமிருந்தும் ஒரே மாதிரி வந்து விழுகின்றன. படத்தில் இருக்கும் விநோதத்தை விநோதம் என்றே காட்டிக்கொள்ளாமல், அன்றாடப் பேச்சாக எடுத்துச் செல்லும் வரிகளே பெரும்பாலும் முன்னே வருகின்றன.

காலம் தரும் தீர்ப்பு

கடைசிச் சோதனை காலம். ஒரு வாரத்துச் செய்தியை மட்டும் நம்பிய கார்ட்டூன், அந்தச் செய்தி மறந்ததும் அடிக்குறிப்பு இல்லாமல் புரியாது. அரசியல் கார்ட்டூனுக்கு இது தவிர்க்க முடியாத விலை. அன்றைக்கு அது செய்த வேலை பெரிது. பொதுவான நகைச்சுவைக் கார்ட்டூனோ ஒரு மனித குணத்தைப் பிடித்திருந்தால் நிற்கிறது. அதிகாரிக்கு முன் பொய் சொல்லும் பாதிரியாரும், தோல்வியை ஒப்புக்கொள்ளாத வடிவமைப்பாளரும், கணவன் சொல்வதை நம்பாத மனைவியும் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களைப் பிடித்த படங்கள் நூறு ஆண்டைத் தாண்டியோ அதை நெருங்கியோ நிற்கின்றன.

ஆகவே ஒரு கார்ட்டூனை எடைபோடுபவர் கேட்க வேண்டிய கேள்விகள் சில. பேசுவது யார் என்று பார்த்தவுடன் தெரிகிறதா? படமும் வரியும் ஒன்றுக்கொன்று தேவைப்படுகின்றனவா? வாசகர் செய்ய வேண்டிய வேலை மிச்சம் இருக்கிறதா, அது அவரால் முடிகிற வேலைதானா? கடைசிச் சொல்லோடு ஜோக் முடிந்துவிட்டதா? சிரிப்பு யார் மேல் விழுகிறது? இவற்றுக்கெல்லாம் நல்ல பதில் உள்ள கார்ட்டூனும் சில வாசகரைச் சிரிக்க வைக்காமல் போகலாம். ஆனால் இவற்றில் ஒன்றில் தவறிய கார்ட்டூன் ஏன் தவறியது என்பதைச் சுட்டிக்காட்ட முடியும். எல்லாக் கேள்விகளுக்கும் அடியில் இருப்பது வாசகரின் அறிவின் மேல் கலைஞர் வைக்கும் நம்பிக்கை. அந்த நம்பிக்கை இல்லாதவர் விளக்கம் சேர்த்துக் கெடுக்கிறார். இருப்பவர் போதுமான இடத்தில் நிறுத்திவிடுகிறார்.